மாடித் தேனா, சென்சாரா, இலைத் தூசியா: உங்கள் தெருவின் மாசை எதைக் கொண்டு அறிவது?

போன மார்ச்சில் பெங்களூரின் பானஸ்வாடிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாடியில் இரண்டு தேன்பெட்டி வைத்து, கிடைக்கும் தேனை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சுற்றுவட்டார மாசு முழுக்கத் தெரிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். செயலாளர் அக்காவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. பொருளாளரோ, அதே காசுக்கு நாலு சென்சார் வாங்கி வாசலில் மாட்டிவிடலாம் என்றார். வாடகைக்கு இருக்கும் பெரியவர் ஒருவர், அரசாங்கமே அளந்து போனில் காட்டுகிறதே, நாம் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்டார்.

அப்புறம் இதே கேள்வி வேறு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. பீன்யா அருகில் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்டார். விவேக்நகரில் மூச்சிரைப்பு உள்ள குழந்தையோடு இருக்கும் ஓர் அம்மா கேட்டார். நான் ஏழு வருடமாக மாடியில் தேனீ வளர்க்கிறவன். "தேன்தான் சிறந்தது" என்று நான் சொல்வேன் என எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தேன் சொல்லும் விஷயம் ஒன்று, இவர்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. ஒருவருக்குத்தான் தேன் பொருந்தியது, அதுவும் நிபந்தனையோடு.

## எதை வைத்து எடைபோடுவது

மாசு என்ற ஒரு சொல்லுக்குள் பல சரக்கு கிடக்கிறது. மூச்சோடு உள்ளே போகும் நுண்துகளின் அளவு ஒன்று. அந்தத் துகளுக்குள் இருக்கும் ஈயம், காட்மியம், ஆர்சனிக், நிக்கல் போன்ற உலோகங்கள் இன்னொன்று. பூச்சிக்கொல்லி எச்சம் மூன்றாவது. உங்களுக்கு இதில் எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்யாமல் கருவி வாங்கினால் காசு வீண்தான்.

அடுத்தது காலம். இன்று காலை குழந்தையை வெளியே அனுப்பலாமா என்ற கேள்விக்கு இந்த மணி நேரத்தின் அளவு வேண்டும். மேம்பாலம் வந்த பிறகு எங்கள் பேட்டை மோசமாகிவிட்டதா என்பதற்கு வருடக்கணக்கில் சேர்ந்த சான்று வேண்டும். அதேபோல் பரப்பு: உங்கள் பால்கனி மட்டுமா, இரண்டு கிலோமீட்டர் சுற்றளவா? மாசு எங்கிருந்து வருகிறது என்ற தடயமும் வேண்டுமா, அளவு மட்டும் போதுமா? கடைசியாக, கிடைக்கும் எண்ணைக் கொண்டு யாரிடம் போகப் போகிறீர்கள்? வாட்ஸாப் குழுவில் போடுவதற்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் மனு கொடுப்பதற்கும் தேவைப்படும் சான்று ஒன்றல்ல.

செலவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விலைப்பட்டியலில் வராத செலவு ஒவ்வொன்றிலும் உண்டு. அதைத்தான் கீழே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## தேன்

வேலை முடிந்து திரும்பும் தேனீயைப் பெட்டி வாசலில் உட்கார்ந்து பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். பின்னங்காலில் மஞ்சள் உருண்டையாக மகரந்தம். உடம்பெல்லாம் மெல்லிய ரோமம். பறக்கும்போது அந்த ரோமத்தில் மின்னேற்றம் சேரும். அதனால்தான் மகரந்தம் தானாக ஒட்டுகிறது. காற்றில் மிதக்கும் தூசியும் அப்படியே ஒட்டும். மழை இல்லாத பிப்ரவரியில், வெள்ளைத் துணியால் பெட்டியின் இறங்குபலகையைத் துடைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு வரும். பூவின் மீது படிந்த தூசி, வேர் வழியாக மண்ணிலிருந்து தேனமுதத்துக்கு (பூவில் ஊறும் இனிப்புச் சாறு) வந்த உலோகம், சாக்கடை ஓரத்திலும் ஏ.சி. குழாய் சொட்டும் இடத்திலும் குடிக்கும் தண்ணீர் என எல்லாம் சேர்ந்துதான் கூட்டுக்குள் போகிறது.

நம் ஊரில் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ பொதுவாக ஒன்று, ஒன்றரை கிலோமீட்டருக்குள் மேயும். ஒன்றரை கிலோமீட்டர் ஆரம் என்றால் ஏழு சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்பிலிருந்து ஆயிரக்கணக்கான தேனீக்கள் வாரக்கணக்கில் பொறுக்கி வந்ததன் கூட்டு மாதிரிதான் ஒரு கரண்டித் தேன். இதுதான் தேனின் பலம். எந்த மனிதராலும் இவ்வளவு இடத்தில் போய் மாதிரி எடுக்க முடியாது.

இது வெறும் கற்பனை இல்லை. கனடாவின் வான்கூவரில் கேட் ஸ்மித், டொமினிக் வைஸ் ஆகியோர் அடங்கிய குழு நகரத் தேனை ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டது. நகர மையத்தை நெருங்க நெருங்கத் தேனில் ஈயம் கூடியது. அளவோடு அவர்கள் நிற்கவில்லை. ஈயத்தில் எடை மாறுபட்ட அணுக்கள் உண்டு: 204, 206, 207, 208. எந்தச் சுரங்கத் தாதுவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும். அந்த விகிதத்தைக் கைரேகை போல வைத்து, நகர மையத்தின் ஈயம் சுற்றியுள்ள இயற்கையான ஈயத்திலிருந்து வேறுபட்டது, மனிதர் கொண்டுவந்தது என்று காட்டினார்கள். துறைமுகமும் போக்குவரத்தும் அதில் சந்தேகத்துக்கு உள்ளாயின.

அதே 2019 ஏப்ரலில் பாரிஸின் நோத்ர்தாம் தேவாலயம் எரிந்தபோது கூரையில் இருந்த நூற்றுக்கணக்கான டன் ஈயம் தீயில் சிக்கியது. ஜூலையில் பாரிஸ் சுற்றுவட்டாரப் பெட்டிகளிலிருந்து தேன் எடுத்துப் பார்த்தார்கள். புகை போன திசையில் இருந்த பெட்டிகளில் ஈயம் அதிகம். உச்சமாகக் கிடைத்தது கிராமுக்கு 0.08 மைக்ரோகிராம். நகரத்திலிருந்து தொலைவில், ரோன் ஆல்ப்ஸ் பகுதித் தேனில் 0.009 தான். ஐரோப்பிய ஒன்றியம் தேனுக்கு வைத்திருக்கும் வரம்பு 0.10. எரிந்த நாளின் கதையை மூன்று மாதம் கழித்தும் தேன் சொன்னது.

பூச்சிக்கொல்லிக்கும் தேன் நல்ல சாட்சி. உலகம் முழுவதிலிருந்தும் 198 தேன் மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 2017-இல் வந்தது. அதில் 75 விழுக்காடு மாதிரிகளில் நியோநிகோடினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி ஏதோ ஒன்றாவது இருந்தது. தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்கு இது முக்கியம். காற்றுச் சென்சார் எதுவும் இதைக் காட்டாது.

சரி, பிரச்சினைக்கு வருவோம்.

தேன், கூட்டுக்குள் இருக்கும் பொருட்களிலேயே மிகச் சுத்தமான ஒன்று. தேனீ தன் உடம்பில் மாசின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் தேனை அறையில் கக்குகிறது. ஆகவே தேனீயின் உடலிலும் மகரந்தத்திலும் மெழுகிலும் தெரியும் உலோகம், தேனில் பெரும்பாலும் குறைவாகவே தெரியும். உங்கள் மாடித் தேன் சுத்தமாக இருக்கிறது என்றால் தேன் சாப்பிடலாம் என்று அர்த்தம். காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை. வான்கூவர் தேனில் கூட, ஒருவர் தினமும் 600 கிராமுக்கு மேல் சாப்பிட்டால்தான் ஆபத்து என்றார்கள். ஆனால் அந்த நகரத்தின் மாசுக்கதையை அதே தேன் சொன்னது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் சங்கங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தேன் காற்றை மட்டும் சொல்வதும் இல்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 122 தேன் மாதிரிகளை எடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். 68-இல் சீசியம் 137 என்ற கதிரியக்க உலோகம் இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம் அது. பொட்டாசியம் குறைந்த மண்ணில் செடி சீசியத்தை இழுத்துக்கொள்ள, அது தேனமுதம் வழியாக வந்திருக்கிறது. அதாவது தேனில் கிடைக்கும் ஓர் உலோகம் நேற்றைய காற்றாகவும் இருக்கலாம், தாத்தா காலத்து மண்ணாகவும் இருக்கலாம்.

பெங்களூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தேனீ பூவுக்குத்தான் போகும் என்று நினைக்கிறோம். கரும்புச்சாறு வண்டியையும் இனிப்புக் கடைக் கண்ணாடியையும் போய்ப் பாருங்கள். பிரான்சின் ரிபோவில்லே ஊரில் 2012-இல் தேன் நீலமும் பச்சையுமாக வந்தது. தேனீக்கள் மிட்டாய்க் கழிவை மொய்த்திருந்தன. அல்சூர் சந்தைத் தெருவில் பெட்டி வைத்தால் தேனில் பாதி யாருடைய சர்க்கரை என்று எப்படிச் சொல்வது?

வெளியே தெரியாத செலவு எக்கச்சக்கம். என் முதல் மாதிரியே பாழானது. நாலு வருடம் முன் ஆசையாக ஒரு புட்டித் தேன் அனுப்பினேன். துத்தநாகம் எகிறியிருந்தது. வீட்டில் எல்லாரும் பயந்துவிட்டோம். பக்கத்துப் பட்டறைதான் காரணம் என்று ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் தேன் பிழியக் கடன் வாங்கிய இயந்திரத்தின் தொட்டியைக் கையால் தடவிப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது துத்தநாக முலாம் பூசிய தகரம். அமிலத்தன்மை உள்ள தேன் ஒரு ராத்திரி முழுக்க அதில் நின்றிருக்கிறது. பட்டறைக்காரர் மேல் நான் சொன்ன பழியை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அந்த ஒரு தப்பில் சோதனைக் காசும் ஒரு வருடமும் போயின.

மழைக்காலத்தில் பூ குறையும்போது பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைப்பது வழக்கம். அந்தப் பாகும் தேனறையில் சேர்ந்தால் மாதிரி நீர்த்துப்போகும். பெட்டிக்கு அடிக்கும் பெயின்ட், தேனீயை அடக்கப் புகை போடும் புகைப்பானில் எரிக்கும் சாக்கு எல்லாம் மாதிரியைக் கெடுக்கும். கூட்டம் பெட்டியை விட்டு ஓடிப்போவதும் அடிக்கடி நடக்கும். 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் கூட்டங்களைக் கொத்துக் கொத்தாக அழித்தது. ஐந்து வருடத் தொடர் சான்று வேண்டும் என்றால், ஐந்து வருடமும் தேனீ உயிரோடு இருக்க வேண்டும். வாரம் ஒரு நாளாவது ஒருவர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். கொட்டினால் ஒவ்வாமை வரும் ஆள் யாராவது குடியிருப்பில் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

எப்போது தேனைத் தேர்ந்தெடுக்கலாம்? ஏற்கெனவே உங்களில் ஒருவருக்குத் தேனீ வளர்ப்பு தெரிந்திருந்தால், கேள்வி உலோகத்தையோ பூச்சிக்கொல்லியையோ பற்றியது என்றால், மூன்று வருடமாவது பொறுமை இருந்தால், ஊருக்கு வெளியே ஒப்பிட இன்னொரு பெட்டி கிடைத்தால். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

## தேனீயின் உடலும் மகரந்தமும்

அளவு நன்றாகத் தெரிய வேண்டும் என்றால் தேனைவிட இவை மேல். அமெரிக்காவில் ஜெர்ரி புரோமென்ஷெங்க் குழு பியூஜெட் சவுண்ட் பகுதியில் தேனீக்களைக் கொண்டே ஆர்சனிக், காட்மியம், ஃபுளோரைடு பரவலை வரைபடமாக்கி 1985-இல் வெளியிட்டது. இத்தாலியில் ஜோர்ஜோ செல்லி போன்றவர்கள் பெட்டிக்கு அடியில் கூடை வைத்து, செத்து விழும் தேனீக்களை எண்ணிப் பூச்சிக்கொல்லியைக் கண்காணித்தார்கள். செத்ததைப் பொறுக்குவதால் உயிருள்ளதைக் கொல்லத் தேவையில்லை. இந்த முறை எனக்குப் பிடித்தது.

நம் ஊரிலேயே இது தொடர்பாக முக்கியமான வேலை நடந்திருக்கிறது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஷானன் ஓல்சனின் குழுவில் கீதா திம்மேகவுடா மலைத்தேனீக்களைப் பெங்களூரின் மாசு கூடிய, குறைந்த இடங்களில் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். 2020-இல் வெளிவந்த அந்த ஆய்வில், மாசு கூடிய இடங்களில் பிடித்த தேனீக்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் செத்துவிட்டன. உடலில் துகள் படிந்திருந்தது. இதயத்துடிப்பு மாறியிருந்தது. நகரத்தின் காற்று தேனீயை என்ன செய்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இதனால்தான் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். குடியிருப்பின் எட்டாவது மாடிச் சுவரில் மலைத்தேனீ அடை கட்டியிருந்தால், மாதிரி எடுக்கிறேன் என்று அதைக் கலைக்காதீர்கள். பூச்சி மருந்து அடிக்கிறவரைக் கூப்பிடாதீர்கள். வெயில் காலம் முடிந்து மழை வரும்போது அவை தாமாகவே கிளம்பிவிடும்.

## சிறிய சென்சார்

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பெட்டி. உள்ளே ஒரு லேசர், ஒரு விசிறி. துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்துக் கணக்கிடும். நிமிடத்துக்கு நிமிடம் பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகளின் எண் வரும். தீபாவளி ராத்திரி எண் எப்படி ஏறுகிறது, குப்பை எரிக்கும் நேரம் எது, பள்ளிப் பேருந்துகள் வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும்போது என்ன ஆகிறது என்பதையெல்லாம் இதைப்போல் வேறெதுவும் காட்டாது. மாசியில் எடுக்கும் தேனுக்கு ஐப்பசித் தீபாவளி தெரியாது.

ஆனால் துகளுக்குள் ஈயம் இருக்கிறதா என்று இதற்குத் தெரியாது. ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் துகள் நீரை உறிஞ்சிப் பெருத்து, எண்ணும் பொய்யாக ஏறும். பெங்களூரின் ஆகஸ்ட் மழையிலும் டிசம்பர் விடிகாலைப் பனியிலும் இது தினசரி நடக்கும். அதற்கு நேர்மாறாக, கட்டட வேலையின் கரடுமுரடான தூசியை இந்தச் சின்ன சென்சார்கள் குறைவாகவே பிடிக்கும். பக்கத்து மனையில் கல் அறுக்கும்போது ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளையாக இருக்க, சென்சார் பச்சை காட்டும். அதை நம்பிவிடாதீர்கள்.

வெளியே தெரியாத செலவு இங்கே ஆயுள்தான். சில மாடல்களின் லேசர் சுமார் 8,000 மணி நேரம்தான் தாங்கும். நிறுத்தாமல் ஓடினால் ஒரு வருடம்கூட வராது. வாங்கியதும் ஏதாவது ஓர் அரசு நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் ஓடவிட்டு, இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாத சென்சாரின் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## அரசு நிலையத்தின் எண்

இலவசம். தரமான கருவி. சில்க் போர்டு, பி.டி.எம். லேஅவுட், ஹெப்பாள், பீன்யா, ஜெயநகர் என்று நகரில் பல இடங்களில் தொடர் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் பார்க்கலாம். நிலையத்துக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அன்றாட முடிவுகளுக்கு இது போதும். அந்தப் பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் பிரதான சாலையின் நிலையம் உங்கள் சந்தின் கதையைச் சொல்லாது. 2014-இல் அறிவித்த காற்றுத் தரக் குறியீட்டில் எட்டு மாசுகள் உண்டு. அதில் ஈயமும் ஒன்று. ஆனாலும் செயலியில் மணிக்கு மணி மாறும் எண்ணில் ஈயத்தைப் பார்க்க முடியாது. குறியீடு பச்சையாக இருப்பதால் உலோகம் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

## இலைத் தூசியும் மண்ணும்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குறைந்த காசில் உலோகத்தைப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். தெருவில் புங்கை மரம் இல்லாத பேட்டை பெங்களூரில் அபூர்வம். ஒரே இனமாக, ஒரே உயரத்தில், மழை பெய்து பத்து நாள் கழித்து, ஒவ்வொரு இடத்திலும் இருபது இலை பறியுங்கள். காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அந்தத் தண்ணீரை எடை பார்த்த வடிதாளில் வடித்து, காயவைத்து மறுபடி எடை பாருங்கள். இலையை வரைபடத்தாளில் வைத்துக் கோடு போட்டால் பரப்பு கிடைக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் தூசி என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அந்த வடிதாளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் உலோகமும் தெரியும்.

ஐரோப்பாவில் இதே எண்ணத்தில் பாசியைப் பயன்படுத்துகிறார்கள். 1960-களில் ஸ்வீடனில் தொடங்கிய முறை, 1990-லிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பல நாடுகளில் கணக்கெடுப்பாக நடக்கிறது. நமக்குப் பாசி தேவையில்லை, புங்கை போதும்.

இலை சில வாரத்துக் கதையைச் சொல்லும். மேல்மண் பல வருடத்துக் கதையைச் சொல்லும். இந்தியாவில் 2000-இல்தான் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. பழைய சாலையோர மண்ணில் அந்த ஈயம் இன்னும் கிடக்கலாம். அதை இன்றைய பட்டறையின் மேல் போட்டுவிடக் கூடாது. இந்த முறையின் சிக்கல் அதுதான். இன்னொன்று, மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தராசு வேண்டும். பக்கத்துக் கல்லூரியில் கேட்டால் கிடைக்கும்.

## ஆய்வகத்தை வரவழைத்து அளப்பது

சந்தேகம் வலுத்து, வாரியத்திலோ பசுமைத் தீர்ப்பாயத்திலோ வழக்காடப் போகிறீர்கள் என்றால் இதற்கு மாற்று இல்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வந்து 24 மணி நேரம் காற்றை வடிதாளில் உறிஞ்சி, 2009-இல் அறிவித்த தேசியத் தரத்தோடு ஒப்பிட்டு அறிக்கை தரும். ஈயத்துக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 0.5.

கவனிக்க வேண்டியது: ஆண்டுச் சராசரி என்றால் வாரம் இரண்டு நாள் வீதம் வருடத்துக்கு 104 அளவீடாவது வேண்டும். ஒரு நாள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டு வரம்பைப் பற்றிப் பேசினால் எதிர்த்தரப்பு ஒரே நிமிடத்தில் மடக்கிவிடும். பட்டறை விடுமுறை நாளில் அளந்தால் மொத்தமும் வீண்.

## ஒரே பார்வையில்

| வழி | எது தெரியும் | காலம் | பரப்பு | மறைந்த செலவு | வாரியத்தில் எடுபடுமா |
|---|---|---|---|---|---|
| தேன் | உலோகம், பூச்சிக்கொல்லி, மூலத்தின் தடயம் | ஒரு பூப்பருவம் | 1 முதல் 1.5 கி.மீ. | பராமரிப்பு, மாதிரி கெடுதல், ஒப்பீட்டுப் பெட்டி | துணைச் சான்றாக |
| தேனீ உடல், மகரந்தம் | அதுவே, இன்னும் கூர்மையாக | சில வாரம் | அதே | பழகிய கை | துணைச் சான்றாக |
| சிறு சென்சார் | நுண்துகள் அளவு மட்டும் | நிமிடம் | ஓர் இடம் | ஆயுள், ஈரப்பதப் பிழை | புகாரைத் தொடங்க |
| அரசு நிலையம் | நுண்துகள், வாயுக்கள் | மணி | நிலையச் சுற்றுப்புறம் | இல்லை | ஆம் |
| இலை, மண் | தூசி அளவு, உலோகம் | வாரம், வருடம் | தெருத் தெருவாக | தராசு, பழைய ஈயம் | துணைச் சான்றாக |
| ஆய்வக வடிதாள் | எல்லாம், கேட்டதைப் பொறுத்து | ஒரு நாள் | ஓர் இடம் | ஒருமுறை போதாது | ஆம் |

## யாருக்கு எது

விவேக்நகர் அம்மாவுக்கு முதலில் பதில் சொன்னேன். தேன்பெட்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மூச்சிரைப்புக்கு நுண்துகளின் இன்றைய அளவுதான் வேண்டும். ஒரு சென்சார், கூடவே சமீர் செயலி, போதும். மாசு கூடும் நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். ஈயத்தைப் பற்றியும் பயந்தார். அதற்குக் காற்றைச் சுற்றி வளைத்து அளப்பதைவிடக் குழந்தையின் ரத்தத்திலேயே ஈயம் பார்ப்பது நேர்வழி. 1999-இல் பெங்களூர் உட்பட ஏழு நகரங்களில் எடுத்த ஆய்வில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தது. அது ஈயப் பெட்ரோல் காலம். இன்று வீட்டுக்குள் உரியும் பழைய பெயின்டும், பேட்டரி உருக்கும் இடங்களும்தான் பெரிய கவலை. அவர் வீட்டு ஜன்னல் சட்டத்தில் மூன்று அடுக்கு பெயின்ட் உரிந்து தொங்கியது. முதலில் அதைக் கவனிக்கச் சொன்னேன்.

பீன்யா ஆசிரியைக்கு இலையும் மண்ணும். நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியைச் சுற்றி நாலு திசையிலும் மரங்கள் இருக்கின்றன. ஒரே மாதத்தில் எந்தத் திசையில் தூசி அதிகம் என்று வரைபடம் போட்டுவிடலாம். தேனீ வைத்தால் மொத்தப் பேட்டையும் ஒரே எண்ணாகக் கலந்துவிடும், திசை தெரியாது. அங்கே முலாம் பூசும் பட்டறைகள் நிறைய என்பதால் பள்ளி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குரோமியமும் பார்க்கச் சொன்னேன். காற்றுக் கருவி எதுவும் அதைச் சொல்லாது.

பானஸ்வாடிச் சங்கத்துக்கு இரண்டு சென்சார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலைத் தூசி என்று எழுதிக் கொடுத்தேன். செயலாளர் அக்கா முகம் வாடிவிட்டது. ஆனால் அவருடைய மாமனார் மார்த்தாண்டத்தில் முப்பது வருடம் தேனீ வளர்த்தவர், இப்போது இவர்களோடுதான் இருக்கிறார் என்று கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அது கணக்கை மாற்றிவிட்டது. ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தின் தேனீ வளர்ப்புத் துறையில் விசாரித்துவிட்டு, ஜனவரியில் இரண்டு பெட்டி வைக்கலாம் என்று மூவரும் பேசினோம். ஒப்பிடுவதற்கான பெட்டியை நெலமங்கலா தாண்டி ஒரு தெரிந்தவர் தோப்பில் வைக்க இடம் கேட்டிருக்கிறோம்.

## தேன்தான் என்று முடிவானால்

செயலாளர் அக்காவின் மாமனாரிடம் நான் எழுதிக் கொடுத்த தாளை அப்படியே இங்கே தருகிறேன். பெட்டியின் உட்புறம் பெயின்ட் அடிக்க வேண்டாம். மாதிரி எடுக்கும் நாளில் புகைப்பானுக்குப் பதில் தண்ணீர் தெளியுங்கள். இயந்திரத்தில் பிழிய வேண்டாம். மெழுகு மூடிய தேனறையை பிளாஸ்டிக் கத்தியால் கீறி, தேனை நேராக ஆய்வகம் தரும் புட்டியில் விடுங்கள். எஃகுக் கரண்டிகூட வேண்டாம். பாகு வைத்த மாதத்திலிருந்து அறையில் இருக்கும் பழைய தேனைப் பருவம் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். இரண்டு ஊர்ப் பெட்டியிலும் ஒரே வாரத்தில், அதே கையால் எடுங்கள். அடர்நிறத் தேனில் தாதுப்பொருள் இயல்பாகவே அதிகம் இருக்கும், அதனால் நிறத்தையும் பூத்திருக்கும் மரங்களையும் ஒரு நோட்டில் குறியுங்கள்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: ஈயத்தை எவ்வளவு குறைந்த அளவு வரை உங்களால் காட்ட முடியும்? உணவுச் சோதனை செய்யும் சில இடங்களில் கிலோவுக்கு 0.05, 0.1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் (கிராமுக்கு மைக்ரோகிராம் என்றாலும் இதே எண்தான்) "கண்டறியப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பாரிஸ் ஆய்வில் ரோன் ஆல்ப்ஸ் தேனுக்கும் நகரத் தேனுக்கும் இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. கிலோவுக்கு 0.005 மில்லிகிராம் வரை காட்டும் ஐ.சி.பி.எம்.எஸ். என்ற, மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி உள்ள இடமாகப் பாருங்கள், அதையும் எழுத்தில் வாங்குங்கள். செயலாளர் அக்கா இதுவரை மூன்று ஆய்வகத்துக்குப் போன் போட்டிருக்கிறார். ஒன்று மட்டும் சரியான பதில் சொல்லியிருக்கிறது. புங்கை பூப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது.